ரோபோ கையில் ஒரு முடிச்சு

ரோபோப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக டேட்டா கேபிள் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கேபிளை எவ்வளவு வளைக்கலாம், எவ்வளவு முறுக்கலாம், எண்ணெய் பட்டால் தாங்குமா, வெல்டிங் பொறி பட்டால் தாங்குமா என்பதெல்லாம் கேபிள் செய்கிறவர்களே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் போனிலேயே எல்லாம் கிடைக்கும். படித்துக்கொள்ளுங்கள். படிக்காமல் என்னிடம் கேட்க வந்தால் எனக்குக் கோபம் வரும். என் கோபத்தைப் பற்றி உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள், அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

நான் எழுதப்போவது ஒரே ஒரு கேபிளைப் பற்றி. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கேபிள் அது. அதனால் ஒருவருக்கு வேலை போக இருந்தது. இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் கையே போயிருக்கும். அந்த மனிதர் இன்றும் உங்களோடு அதே பட்டறையில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நெய்வேலிக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. என் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கருவிகள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுரங்கத்தில் தொங்குகிற கேபிளை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. மண்ணில் தளர்ந்து கிடக்கிற கேபிள் மேல் ஒரு புல்டோசர் ஏறினால் அன்றைய ஷிஃப்ட் அவ்வளவுதான். அதனால் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே எல்லோர் காதிலும் விழுகிற வசை ஒன்று உண்டு: “கேபிளை இழுத்துக் கட்டுய்யா!” இந்த ஊரில் பிறந்தவர்களின் கை, ஒரு கேபிள் தொங்குவதைப் பார்த்தாலே கயிறு தேடும். என் வீட்டில் மிக்ஸி ஒயரைக்கூட நான் கட்டித்தான் வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் சுரங்கத்தில் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ரோபோவிடம் அது செல்லாது என்பதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, பட்டறையின் ஒர்க்ஸ் மேனேஜர் போன் செய்தார். அப்போது மழைக்காலம் தொடங்கியிருந்தது.

“மேடம், நம்ம வெல்டிங் ரோபோ அடிக்கடி நின்னுடுது. கார்டு மாத்திட்டோம், கனெக்டர் மாத்திட்டோம். எனக்கென்னமோ ஆள் மேலதான் சந்தேகம். நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டு, மெஷின்ல கோளாறு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா மத்ததை நான் பாத்துக்குவேன்.”

என்னைக் கூப்பிட்டது கோளாறைக் கண்டுபிடிக்க அல்ல, கோளாறு இல்லை என்று சொல்லத்தான் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இப்படிப்பட்ட அழைப்பு உங்களுக்கும் வரும். போங்கள். ஆனால் பதிலை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அந்த ரோபோ செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெரிய எந்திரங்களின் பக்கெட் பற்கள் தேய்ந்துபோய் வரும். அவற்றின் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி மறுபடி பல்லாக்கி அனுப்ப வேண்டும். வெயிலில் மனிதர்கள் குனிந்து செய்துகொண்டிருந்த அந்த வேலைக்காகத்தான் ரோபோ வாங்கினார்கள். அதை ஓட்டியவர்களில் மூத்தவர் கலைமணி. திருவதிகைக்காரர். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கான்ட்ராக்டில் ஹெல்ப்பராக வந்து, கையால் வெல்டிங் கற்று, பிறகு ரோபோவுக்குப் பழகியவர். அந்த வருடம் பெர்மனென்ட் ஆகப்போகிறவர்களில் அவர் பெயரும் இருந்தது. நெய்வேலியில் பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன எடை என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கல்யாணப் பேச்சு அந்தச் சொல்லில் நிற்கும், இல்லையென்றால் அதில்தான் முறியும்.

கலைமணி மேல் புகார் இதுதான்: ரோபோ நிற்பது பெரும்பாலும் அவருடைய ஷிஃப்டில். மற்ற ஆபரேட்டர்களிடம் ஒழுங்காக ஓடுகிறது. பெர்மனென்ட் ஆகப்போகிற மிதப்பில் வேண்டுமென்றே எதையோ தட்டி நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் போனபோது அவர் ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக்கு வெளியே நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த ஆள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் ரோபோவைப் பார்த்தார்.

“எப்ப நிக்குது கலைமணி?”

“மூலைப் பல்லு போடும்போதுதாங்க மேடம். நல்லா ஓடிக்கினே இருக்கும். அடிப்பக்கம் திரும்புச்சுன்னா டக்குனு நின்னுடுது. அப்புறம் கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்குதுங்க.”

“மத்த பல்லுல?”

“மத்ததுல சுளுவா ஓடுதுங்க.”

“மூலைப் பல்லை வேற யார் போடுவாங்க?”

“எங்கிட்டதாங்க குடுப்பாங்க.”

“நீங்க என்ன நினைக்கறீங்க, ஏன் நிக்குது?”

“கண்ணு பட்டுருச்சுங்க” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

கண் பட்டதோ இல்லையோ, அவருடைய பதிலில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பக்கெட்டின் மூலையில் உட்காரும் பல்லுக்கு அடிப்பக்கமும் வெல்டிங் ஏற்ற வேண்டும். அதற்கு ரோபோ தன் மணிக்கட்டை முழுக்க முறுக்கித் திருப்புகிறது, கூடவே அதில் ஓடும் டேட்டா கேபிளும் முறுகுகிறது. மற்றப் பற்களுக்கு அந்தத் திருப்பம் தேவையில்லை. மூலைப் பல் இவரிடம் மட்டும்தான் வருகிறது, அதனால் நிற்பதும் இவரிடம் மட்டும்தான். பட்டறையில் அத்தனை பேரும் எந்த ஆள் என்று பார்த்தார்கள். எந்தப் பல் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இதை நான் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்துகொண்டிருந்தது. பல் இல்லாமல் சுரங்கத்தில் ஒரு எந்திரம் நிற்கிறது. எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம், வேலையில் கெட்டிக்காரர், பல நாளாகச் சரியாகத் தூங்காத முகம். போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

“மேடம், காரணம் எதுவா வேணா இருக்கட்டும். ஒரு வழி இருக்கு. டார்ச் முனையிலருந்து வர்ற மோதல் சிக்னல் விட்டுவிட்டு வர்றதாலதானே ரோபோ பயந்து நிக்குது? அந்த சிக்னலை பைபாஸ் பண்ணிட்டா நிக்காது. இந்த லாட் முடியற வரைக்கும்தான். அப்புறம் நிதானமா கேபிளைப் பாத்துக்கலாம்.”

இதில் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோபோ கையின் நுனியில் வெல்டிங் செய்யும் டார்ச் எதன் மேலாவது இடித்தால் அதை உணர்ந்து சொல்ல முனையில் ஒரு சென்சார் இருக்கிறது. அது சொல்லும் செய்தி அந்த டேட்டா கேபிள் வழியாகத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. செய்தி வரவில்லை என்றால் ரோபோ நின்றுவிடும். அது பயம் இல்லை, ஒழுங்கு. அந்தச் செய்தியே வேண்டாம் என்று அடைத்துவிட்டால், டார்ச் இரும்பில் இடித்தாலும் ஒன்றுதான், ஒருவர் முழங்கையில் இடித்தாலும் ஒன்றுதான்.

“மூலைப் பல்லுக்கு டார்ச் போற பாதையைத் திருத்த வேலிக்கு உள்ள போறது யார் சார்?” என்று கேட்டேன்.

“கலைமணிதான்.”

“அப்ப ரோபோ ஓடிக்கிட்டு இருக்குமா, நின்னுக்கிட்டு இருக்குமா?”

“மெதுவா ஓடும். மெதுவாத்தானே மேடம்.”

மெதுவாகத்தான். பல்லுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் கையை விட்டு, கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் மேல் மெதுவாகத்தான் வரும்.

சர்வீஸ் காலத்துப் பழக்கத்தில் என் கைப்பையில் எப்போதும் ஒரு பூட்டு இருக்கும். மெயின் சுவிட்சை இறக்கினேன், அந்தப் பூட்டைப் போட்டேன், சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். பட்டறையில் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“நீங்க ஆலோசனை சொல்லத்தானே வந்தீங்க மேடம்?” மேனேஜர் குரல் உயர்ந்தது.

“இதுதான் சார் ஆலோசனை.”

அந்தப் பட்டறையில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. அவர் நினைத்தால் பூட்டை அறுத்துப் போட்டுவிட்டு என்னை வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. “சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

மின்சாரம் இல்லாத ரோபோவின் அடியிலிருந்து ஆரம்பித்து, கேபிளை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக மேலே போனேன். லேப்டாப் வேண்டாம், மீட்டர் வேண்டாம், முதலில் விரல் போதும். தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் விரல் ஒரு கயிற்றில் இடறியது. கறுத்த நைலான் கயிறு. கேபிளையும் பக்கத்தில் போகும் குழாயையும் ரோபோவின் கையோடு சேர்த்து இறுக்கி, அழகாக ஒரு முடிச்சு. வெல்டிங் புகை படிந்து கேபிளின் நிறத்துக்கே வந்திருந்தது. எல்லோர் கண்ணிலும் அது பட்டிருக்கிறது. இழுத்துக் கட்டிய கேபிள் என்பதால் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

முடிச்சை ஒட்டி கேபிளை மடக்கினேன். மற்ற இடங்களில் விறைப்பாக வளைந்த கேபிள் அங்கே மட்டும் துவண்டு ஒரே புள்ளியில் மடிந்தது. பிறகுதான் மீட்டரை வைத்தேன். நேராகப் பிடித்தால் மீட்டர் சத்தம் போட்டு இணைப்பைக் காட்டியது. மடக்கினால் போனது, விட்டால் வந்தது. மணிக்கட்டு முறுக்கும்போது கேபிளும் தன் நீளம் முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொள்ள வேண்டும். முடிச்சு அதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டதால், அத்தனை முறுக்கும் அந்தக் கட்டைவிரல் நீளத்தில் வந்து விழுந்திருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டர் சத்தம் வருவதையும் நிற்பதையும் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“இது யார் கட்டினது?” என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார்.

நான் கீழே குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

“நாந்தாங்க.” கலைமணி முன்னால் வந்தார். “ஆயுத பூசைக்கு எல்லா மிசினுக்கும் மால போட்டோங்க. இதுக்கு மட்டும் மால நிக்கவே இல்ல, சரிஞ்சிக்கினே இருந்துச்சு. இது மட்டும் வெறுமனே நின்னா மனசு கேக்குமாங்க? அதான் கயித்தால சேத்து ஒரு முடிச்சி போட்டேன். மால காஞ்சதும் அத்த எடுத்துட்டேங்க. கயிறு இருந்தா கேபிளு தொங்காம நிக்குதேன்னு அத்த மட்டும் வுட்டுட்டேன். தப்புன்னு தெரியாதுங்க.”

பூஜையன்று ரோபோவுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூ சுற்றியிருந்ததை, அதன் உடம்பில் ஒட்டியிருந்த கறையிலிருந்தே நான் ஊகித்திருந்தேன். பாசத்தில் போட்ட முடிச்சு. பாசத்தைச் சொன்னால் கம்பி ஒட்டிக்கொள்ளுமா?

“முடிஞ்சுது மேடம்” என்றார் மேனேஜர். “ஆபரேட்டர் செஞ்ச தப்பால கேபிள் போச்சு. அப்படியே எழுதிக் குடுங்க. நாளைக்கு ஹெட் ஆபீஸ்லருந்து ஆள் வர்றாங்க.”

அப்படி எழுதியிருந்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருந்திருக்காது. உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான இடம் இதுதான். அவசரத்தில் தேடும்போது ஒரு காரணம் கையில் கிடைத்ததும் மனம் உட்கார்ந்துவிடும். அதுவும் ஒரு ஆளோடு சேர்ந்து காரணம் கிடைத்துவிட்டால் எழுந்திருக்கவே செய்யாது. நான் எழுந்ததற்கு ஒரே காரணம், விரலில் உணர்ந்த அந்த விறைப்பு. ரோபோவின் கையில் ஓடுகிற கேபிள் அவ்வளவு விறைப்பாக இருக்கக் கூடாது.

கேபிளை முழுவதும் கழற்றி மேசையில் நீட்டிப் போட்டேன். மேலுறையில் அச்சடித்திருந்ததைத் துடைத்துப் படித்தேன். நல்ல கேபிள்தான். ஆனால் சுவரிலும் தரைக்கடியிலும் ஒரு தடவை போட்டுவிட்டு அசைக்காமல் விடுவதற்கான கேபிள். உள்ளே ஒவ்வொரு கம்பியும் ஒற்றைத் தடிக் கம்பி. ரோபோவுக்கு மயிர் மாதிரி மெல்லிய இழைகள் பலவற்றைத் திரித்த கம்பி வேண்டும். முறுக்கைத் தாங்கும்படி செய்த உறை வேண்டும். முழங்கைப் பக்கத்தில், முடிச்சுக்கு வெகு தூரத்தில், கயிறே படாத ஓர் இடத்தில் கத்தியால் உறையைக் கீறித் திறந்தேன். கம்பிகளைச் சுற்றியிருந்த உலோக வலை பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஒரு கம்பி முக்கால்வாசி அறுந்து, ஒரு நூல் அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தேன். அங்கே அறுபடவில்லை, ஆனால் கம்பியின் கழுத்து மெலிந்திருந்தது.

“முடிச்சு போடாம இருந்தாலும் இது அறுந்திருக்கும் சார்” என்றேன். “பொங்கல் வரைக்கும் ஓடியிருக்கும். அதுக்கப்புறம் எங்க அறுந்துதுன்னு கண்டுபிடிக்க முடியாம நாம திண்டாடியிருப்போம். முடிச்சு, எங்க முதல்ல அறுபடணும்னு மட்டும்தான் முடிவு பண்ணியிருக்கு.”

மேனேஜர் மேசையையே பார்த்தார். அந்த வருடம் ரோபோவைப் பட்டறையின் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய கேபிள் நீளம் போதவில்லை. புதிதாக வாங்கச் சொல்லி, இந்தக் கேபிளைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.

“நல்ல கம்பெனி கேபிள்தானே மேடம் வாங்கினேன்” என்றார் மெதுவாக. ஏமாற்றுகிறவரின் குரல் இல்லை அது.

“நல்ல கேபிள்தான் சார். இந்த இடத்துக்கு இல்லை.”

“ரெண்டையும் எழுதுவீங்களா?”

“ரெண்டையும் எழுதுவேன்.”

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் கலைமணி நின்றிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் கிட்டே வந்தார். நான் நிறுத்தினேன்.

“மேடம், எம் பொஞ்சாதி பண்ருட்டில முந்திரி ஒடைக்கப் போவுதுங்க. அந்தக் கொட்ட எண்ணெ பட்டுப்பட்டு வெரலு தோலே இல்ல. ரேசன் கடையில ரேகை வைக்கச் சொன்னா மிசினு எடுக்க மாட்டேங்குது. எனக்கு பெர்மனெண்ட்டு ஆச்சுன்னா நின்னுக்கலாம்னு சொல்லிக்கினு இருக்குது.” முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டார். “அந்த முடிச்ச எழுதித்தான் ஆவணுங்களா?”

“எழுதணும் கலைமணி.”

“சரிங்க” என்றார். வற்புறுத்தவில்லை. பஸ் வந்ததும் ஏறிப்போய்விட்டார்.

அன்று எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு கயிற்றுத் துண்டு. யாரும் பார்க்காதபோது கத்தரித்துப் பையில் போட்டிருந்தால் ஒரு குடும்பம் கரையேறியிருக்கும் என்று சாப்பாட்டு நேரம் முழுவதும் மனம் குடைந்தது. ஆனால் முடிச்சை எழுதாமல் விட்டால் அடுத்த ஆயுத பூஜைக்கும் யாரோ ஒருவர் பாசத்தோடு ஒரு முடிச்சு போடுவார். அடுத்த மேனேஜர் ஒருவர் சிக்னலை பைபாஸ் செய்யச் சொல்வார். அன்றைக்குப் பூட்டோடு அங்கே நான் இருக்க மாட்டேன். எழுதினேன். முடிச்சை ஒரு பத்தியில், தப்பான கேபிளை இன்னொரு பத்தியில். எதையும் பெரிதாக்கவில்லை, எதையும் சிறிதாக்கவுமில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் எழுதியதை வாசித்தார். வெட்டிய கேபிளைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் ஒரே வரியில் நின்றது.

“ரோபோ கையில மாலை கட்டியிருக்கான். யார் அந்த ஆபரேட்டர்? கான்ட்ராக்ட்தானே? இன்னும் ஏன் உள்ள வச்சிருக்கீங்க?”

கலைமணி கதவோரம் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார்.

“சார், அந்த முடிச்சை நான் பாத்தேன்.”

அதிகாரி நிமிர்ந்தார். நானும்தான்.

“பூஜை முடிஞ்சு ரவுண்ட்ஸ் போகும்போது பாத்தேன். கேபிள் இப்பதான் தொங்காம ஒழுங்கா இருக்குன்னு நான்தான் சொன்னேன். அவன் என் முன்னாலதான் நின்னான். நான் அவுத்துடுன்னு சொல்லியிருந்தா அவுத்திருப்பான். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லலை. கேபிளை வாங்கினதும் நான்தான். ஒருத்தர் வெளிய போகணும்னா அது அவனா இருக்க முடியாது சார்.”

இத்தனை வருடம் வேலை பார்த்ததில் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மேலதிகாரி தானாக எழுந்து இப்படிச் சொன்னதை அன்றுதான் பார்த்தேன். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கலைமணியைப் பிடித்துக்கொண்டேன். நேற்று எல்லோரும் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“அவரு நல்லாருக்குன்னுதாங்க சொன்னாரு. கட்டச் சொல்லலியே” என்றார்.

மேனேஜர் ராத்திரியெல்லாம் என்ன யோசித்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முன்னால் வந்து நின்ற ஆள் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு பெயரை விழுங்கிவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். அது அவரைச் சும்மா விடவில்லை.

புதுக் கேபிள் வந்து சேரும் வரை பற்களை மறுபடி கையால் வெல்டிங் செய்தார்கள். கலைமணியும் குனிந்து செய்தார். மேனேஜர் போனில் வசவு வாங்கிக்கொண்டே இருந்தார், ஆனால் பைபாஸ் என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை. முறுக்கைத் தாங்கும் கேபிள் வந்ததும் அதை மாட்டினோம். ரோபோ செய்யும் வேலைகளிலேயே மோசமான திருப்பம் எதுவோ, அதாவது மூலைப் பல்லின் அடிப்பக்கம், அந்த நிலையில் கையை நிறுத்தி, அப்போது எவ்வளவு நீளம் தேவை என்று பார்த்தோம். அதற்கு மேலும் கொஞ்சம் தளர்வு விட்டோம். இரண்டு கோடியிலும், கேபிள் செய்தவர்கள் சொன்ன இடத்தில் மட்டும் கிளாம்ப். நடுவில் எதுவுமில்லை. தொங்குகிற அந்த வளைவைப் பார்க்கும்போது பட்டறையில் எல்லோருக்கும் கை அரித்தது. எனக்கும் அரித்தது. மேனேஜர் அதன் பக்கத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிடச் சொன்னார்: ‘கட்டாதே’. இன்றும் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் எழுதிய அட்டை என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மேனேஜர் கையெழுத்துதான் அது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்த வருடப் பெர்மனென்ட் பட்டியலிலிருந்து கலைமணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். மேனேஜருக்கும் வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. கலைமணியின் மனைவி இன்னும் பல மாதங்கள் முந்திரி உடைக்கப் போனார். நான் எழுதிய பத்தியும் அதற்கு ஒரு காரணம், அதை நான் மறக்கவில்லை. மேனேஜர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்து, அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பு கலைமணிக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று மட்டும் குடும்பங்களைப் பட்டறைக்குள் விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புதுச் சட்டை, பொரிகடலை, எந்திரங்களுக்கு நடுவில் ஓடும் குழந்தைகள். கலைமணி மனைவியை அழைத்துவந்து என் முன்னால் நிறுத்தினார். பெயர் அமுதா. கையெடுத்துக் கும்பிட்டபோது விரல் நுனிகளைப் பார்த்தேன். கறுப்பு இன்னும் போகவில்லை.

“அந்தக் கேபிளு எதுங்க மேடம்?” என்று கேட்டார்.

ரோபோவின் கையில் தளர்ந்து தொங்கிய வளைவைக் காட்டினேன்.

“இத்தினியூண்டாங்க?” என்றார். நம்ப முடியாமல் கணவரைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி அதையே பார்த்தார். அவருடைய ஒரு வருடம் அந்த மெல்லிய கேபிளில்தான் தொங்கியிருந்தது.

கையில் ஒரு முழம் கதம்பம் வைத்திருந்தார், புருஷன் ஓட்டும் மிஷினுக்குப் போட. பக்கத்து எந்திரங்களில் எல்லாம் மாலை ஏறியிருந்தது. மேனேஜர் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, அடிப்பக்கம் அசையாத இடத்தில் போடலாம் என்று சைகை காட்டினார். அமுதா உள்ளே போகவில்லை. கதம்பத்தை வேலியின் வெளிக் கம்பியில் மாட்டிவிட்டு, நீவி நேராக்கினார்.

“அதும்மேல ஒண்ணும் போட வேணாங்க” என்றார். “அது பாட்டுக்கு ஆடட்டும்.”